பெயரைக் கேட்டால் எண் வரும்

2024 செப்டம்பர் முதல் வாரம். மலேசியாவின் பல வீடுகளிலிருந்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு வழக்கம்போலக் கேள்விகள் போயின. பதில்களும் வழக்கம்போல வந்தன. பதில் சொன்னது மட்டும் 8.8.8.8 அல்ல.

அது கூகுள் நடத்தும் பொது டிஎன்எஸ் சேவையின் எண். இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் கண்டுபிடிக்கின்றன. மனிதர்களுக்கோ பெயர்தான் மனத்தில் நிற்கும். அதனால் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் யாராவது கைப்பேசியில் ஓர் அகப்பக்கத்தின் பெயரைத் தட்டினால், முதலில் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் "இந்தப் பெயருக்கு எண் என்ன?" என்ற கேள்வி போகிறது. எண் வந்த பிறகே பக்கம் திறக்கும். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. இதில் ஒரு பழைய ஓட்டை உண்டு: கேள்வி பூட்டில்லாமல் பயணம் செய்கிறது. வழியில் இருப்பவர் அதைப் படிக்கலாம். தாமே பதிலும் சொல்லிவிடலாம்.

இணைய வடிகட்டிகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. கடன் கேட்டு வந்தவரிடம் "அப்பா வீட்டில் இல்லை" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பும் பிள்ளையைப் போல, ஆபத்தான பெயர் கேட்கப்பட்டால் வடிகட்டி "அப்படியொரு பெயரே இல்லை" என்று கூசாமல் சொல்கிறது. எண் தெரியாத கைப்பேசி அங்கே போக முடியாது. ஒரே ஒரு பொய், வேலை முடிந்தது.

வீட்டுக்கு இது மலிவான காவல். ரௌட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணாக 1.1.1.3 என்று போட்டால், அந்த வைஃபையில் இருக்கும் கைப்பேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் ஆபாசத் தளங்களும் தீநிரல் பரப்பும் தளங்களும் மறைந்துபோகும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று திறந்த இலவசச் சேவை இது. உண்மையான எண், 'இல்லை' என்ற பொய் ஆகிய இரண்டும் போக, வடிகட்டி மூன்றாவது வகைப் பதிலும் சொல்லும்: கூகுளின் எண்ணைக் கேட்டால், பாதுகாப்பான தேடல் முடிவுகளை மட்டும் தரும் இன்னொரு கூகுள் சர்வரின் எண்ணைக் கொடுக்கும். பிள்ளை பார்ப்பது அதே கூகுள்தான். முடிவுகள் மட்டும் சலித்து வந்தவை.

ஆனால் வடிகட்டிக்குத் தெரிவது பெயர் மட்டுமே. ஒரு காணொளித் தளத்தில் கணிதப் பாடமும் இருக்கும், கண்டதும் இருக்கும். இரண்டும் ஒரே பெயருக்குள் இருப்பதால், விட்டால் முழுவதும் விட வேண்டும், மறித்தால் முழுவதும் மறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் போலி முதலீட்டு அழைப்பு அதன் கண்ணிலேயே படாது. பிள்ளை வைஃபையை அணைத்துவிட்டு கைப்பேசியின் சொந்தத் தரவுக்கு மாறினால், ரௌட்டரில் வைத்தது பெயருக்கு மட்டும்தான் காவல்.

தொழிற்சாலைகளில் கதை இன்னும் சுவையானது. பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் 1972இல் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையை அதே ஆண்டில் பினாங்கில் திறந்தது. சில்லு செய்கிற ஊருக்கு 2017, 2018 ஆகிய ஆண்டுகள் இரண்டு பாடம் வைத்திருக்கின்றன. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வானாக்ரை தீநிரல், கோப்புகளைப் பூட்டுவதற்கு முன் வாயில் நுழையாத ஒரு நீளப் பெயரைத் தேடிப் பார்க்கும். அங்கிருந்து பதில் கிடைத்தால் வேலையை நிறுத்திவிடும். பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்கஸ் ஹட்சின்ஸ் அந்தப் பெயரைப் பதிவுசெய்ததும் பரவல் அடங்கியது. கூடவே ஒரு விசித்திர எச்சரிக்கையும் வந்தது: அந்தப் பெயரை யாரும் மறிக்க வேண்டாம்! 'ஆபத்து' என்று நினைத்து வடிகட்டி அதை மறைத்த வலையமைப்பில், தீநிரல் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இரண்டாவது பாடம் தைவானில். 2018 ஆகஸ்டில் வானாக்ரையின் ஒரு திரிபு டிஎஸ்எம்சி சில்லு ஆலைகளை நிறுத்தியது. அது எந்த அகப்பக்கத்தின் வழியாகவும் வரவில்லை. புதிய இயந்திரம் ஒன்றைச் சோதிக்காமல் உள்வலையில் இணைத்தார்கள், அதோடு வந்தது. வாசலில் நின்ற வடிகட்டிக்கு அங்கே வேலையே இல்லை.

இனி அந்தச் செப்டம்பருக்கு வருவோம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்களை மறித்ததாகச் சொன்னது. அவற்றில் 39 விழுக்காடு சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம். இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் டிஎன்எஸ் சர்வரில் சொல்லும் பொய்தான் மறிப்பு. 8.8.8.8ஐ நேராகக் கேட்பவருக்கு அது பொருந்தாது. எனவே வெளியே போகும் கேள்விகளையும் வழிமறித்துத் தங்கள் சர்வருக்கே திருப்பும்படி உத்தரவு. செப்டம்பர் 30 கெடு. சில நிறுவனங்கள் முன்கூட்டியே தொடங்கின. எதிர்ப்பு கிளம்ப, செப்டம்பர் 8ஆம் தேதி தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டமோ, இதில் எதுவும் இணையத் தணிக்கைக்கு அனுமதியாகாது என்று தன் 3ஆம் பிரிவிலேயே சொல்கிறது.

சூதாட்டத் தளம் ஒழிந்தால் யாருக்குக் கசக்கும்? சிக்கல் வேறிடத்தில். வெளிக் கேள்விகள் அனைத்தையும் திருப்பினால், பிள்ளைகளுக்காக 1.1.1.3ஐத் தேர்ந்து வைத்த வீட்டின் காவலும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். ரௌட்டரில் எண் அப்படியே இருக்கும். பதில் மட்டும் வேறு கையிலிருந்து வரும். நாட்டுக்கான பட்டியல் ஒன்று; ஒரு தாய் தன் எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டும் என்று நினைக்கும் பட்டியல் இன்னொன்று.

இதற்கு மாற்றாகக் கேள்வியையே பூட்டி அனுப்பும் முறைகளுள் ஒன்றுக்கு 2018இல் நெறிமுறை வந்தது. வழிமறிப்பவருக்கு அது தலைவலி. பெற்றோரின் வடிகட்டிக்கும் தலைவலிதான். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இதில் ஒரு நாகரிகம் காட்டுகிறது. பூட்டைத் தானாகப் போடுமுன் ஒரு குறிப்பிட்ட பெயரை அந்த வலையமைப்பிடம் கேட்டுப் பார்க்கும். "இல்லை" என்று பதில் வந்தால், இங்கே வடிகட்டி இருக்கிறது என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடும். பயனர் தாமே பூட்டைத் தேர்ந்திருந்தால் மட்டும் ஒதுங்காது.

வடிகட்டியை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளும் இதில் அடங்கியிருக்கின்றன. எத்தனை தளங்களை மறிக்கும் என்பதற்கு முன்னால், யார் சொல்லி மறிக்கிறது, மறித்தது எனக்குத் தெரியுமா, வேண்டாமென்றால் நானே எடுத்துவிட முடியுமா? மூன்றுக்கும் பதில் தெரிந்த வீட்டில் அந்தப் பொய் காவலாகிறது. தெரியாத வீட்டில் அது வெறும் பொய்.