முகிற் சேவைகளும் ஜாவாவின் தரவுச் செலுத்திகளும்

மொழி வேறுபட்ட இருவர் தம்முள் உரையாட வேண்டுமாயின், இரு மொழியும் வல்ல ஒருவர் இடைநிற்றல் இன்றியமையாதது. நீதிமன்றத்திலே சாட்சியின் கூற்றை நீதிபதிக்கு எடுத்துரைக்கும் மொழிபெயர்ப்பாளர் அத்தகையவர். கணினித் துறையில் இப்பணியை ஆற்றும் மென்பொருள் செலுத்தி எனப்படும். ஜாவா மொழியில் இயற்றப்பட்ட செய்நிரல்கள் தொலைவிலுள்ள முகிற் சேவைகளின் தரவுகளைச் செலுத்தி வாயிலாக எங்ஙனம் பெறுகின்றன என்பதையும், அச்செலுத்தியின் ஆற்றலுக்கு எல்லை யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளராகிய எட்கர் கொட் என்பார், தரவுகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக நோக்கும் கொள்கையை வெளியிட்டார். அக்கொள்கையினின்றும் எழுந்த எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி 1986இல் அமெரிக்காவின் நியமமாயிற்று. மொழி பொதுவாயினும், தொடர்புகொள்ளும் முறை தரவுத்தளந்தோறும் வேறுபட்டது. ஆதலின், தரவுத்தளத்தை மாற்றியவர் செய்நிரலையும் திருத்த வேண்டியவராயினர். இக்குறையை நீக்கும் பொருட்டு, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1997இல் ஜே.டி.பி.சி. என்னும் பொது இடைமுகத்தை ஜாவாவுடன் சேர்த்து வழங்கியது. செய்நிரல் இப்பொது இடைமுகத்தோடு மட்டுமே பேசும். குறித்த தரவுத்தளத்தின் தனி இயல்பை அறிந்த செலுத்தி ஏனையவற்றைக் கவனித்துக்கொள்ளும்.

இதன் நடைமுறை பின்வருமாறு: செய்நிரல் முதலில் ஒரு தொடர்பு முகவரியைக் கொடுக்கின்றது. அம்முகவரியைக் கண்டு, அதற்குரிய செலுத்தி எதுவென ஜாவா தெரிந்தெடுக்கின்றது. 2006இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு முதலாக, செலுத்தியைப் பெயர் கூறி அழைக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் நீங்கிற்று. தொடர்பு கிடைத்தபின் வினவல் அனுப்பப்படும். விடை நிரை நிரையாக வந்து சேரும்.

முகிற் சேவைகளின் இயல்போ வேறு. 1999இல் தொடங்கப்பெற்ற சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் சேவையை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளேயுள்ள தரவுத்தளத்தை வெளியார் நேரே தொடுதல் இயலாது. அனுமதிச் சீட்டைக் காட்டி, இணையம் வழியாக விண்ணப்பித்தே தரவைப் பெறல் வேண்டும். அச்சேவைக்கென அமைந்த வினவல் மொழியும் எஸ்.கியூ.எல்.ஐ ஒத்ததேயன்றி அதுவே அன்று. இங்கு செலுத்தி, செய்நிரல் தந்த எஸ்.கியூ.எல். வாக்கியத்தைப் பகுத்து, இணைய விண்ணப்பமாக மாற்றி அனுப்பி, வந்த விடையை மீண்டும் அட்டவணையாக்கித் தருகின்றது. செய்நிரலுக்கோ யாவும் பழகிய தரவுத்தளம் போலவே தோன்றும்.

இத்தோற்றத்தை மெய்யென முழுதும் நம்புதலே இடர் விளைப்பது. கட்டிய தொகை கட்டவேண்டிய தொகையினும் குறைந்த வாடிக்கையாளர் யாவர் என ஒருவர் வினவுவதாகக் கொள்வோம். ஒரு நிரலை மற்றொரு நிரலோடு நேரே ஒப்பிட்டு வடித்தெடுக்க அச்சேவையின் மொழி இடந்தருவதில்லை. ஆகவே, செலுத்தி எல்லாப் பதிவுகளையும் வருவித்துத் தானே வடித்தெடுக்க நேரும். ஓர் அழைப்பிற்கு 2,000 பதிவுகள் வருமாயின், 100,000 பதிவுகளுக்கு 50 அழைப்புகள் வேண்டும். விடையில் 12 பெயர்களே இருப்பினும் இச்செலவு குறையாது. ஒரு நாளில் விடுக்கத்தக்க அழைப்புகளுக்கு வரையறை உண்டு. ஆதலின், கவனமற்ற ஒரு வினவல் அந்நிறுவனத்தின் ஏனைய பணிகளையும் தடுத்துவிடக்கூடும்.

இதனினும் பெரிய இடர் எழுதும்போது நேர்வது. தரவுத்தளத்திலே பல மாற்றங்களை ஒரே கொடுக்கல்வாங்கலாகக் கட்டி, இடையில் தவறு நேரின் அனைத்தையும் மீளப்பெறலாம். முகிற் சேவையிலோ பொதுவாக ஒவ்வோர் அழைப்பும் அவ்வப்போதே முடிந்துவிடும். சில சேவைகள் சிறு தொகுதிகளை ஒருங்கே ஏற்பினும், செலுத்தி அவ்வசதியைப் பயன்படுத்துமென்பது உறுதியன்று. விலைச்சிட்டை பதிவாகி, அதிலுள்ள பொருள்களின் விவரம் பதிவாகாதொழியின், கணக்கு பிழைபட்டே நிற்கும்.

எனவே செய்வன மூன்று. கொடுக்கல்வாங்கல்களைச் செலுத்தி ஆதரிக்கின்றதா என்பதை ஜே.டி.பி.சி. இடைமுகம் வாயிலாகவே கேட்டறியலாம். அதனை முதலில் அறிதல் வேண்டும். செலுத்தி எழுதும் குறிப்பேட்டைத் திறந்து, ஒரு வினவல் எத்தனை அழைப்புகளாகின்றதெனக் காணல் வேண்டும். அடிக்கடி வேண்டப்படும் தரவை உள்ளூர்த் தரவுத்தளத்திற் படியெடுத்து வைத்தல் வேண்டும். செலுத்தி உழைப்பைக் குறைக்கும் அரிய கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது மறைத்து வைத்திருக்கும் தூரத்தை அறிந்தவனுக்கே அதன் பயன் முழுமையாகக் கிட்டும் என்பது முடிபு.