டிஸ்க் ஃபுல், ஃபைலைக் காணோம்

லினக்ஸ் அட்மின் வேலை கற்றுக்கொள்ள எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம், வீட்டில் சும்மா கிடக்கிற லேப்டாப் இருக்கிறதா என்றுதான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் இருக்கும். 2011 முதல் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, பேட்டரி செத்து, பீரோவுக்கு மேல் கிடக்கும். அதில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த யாரும் இதுவரை என்னிடம் வந்ததில்லை. போகட்டும், சார்ஜர் வேலை செய்தால் போதும். ஐகான், வால்பேப்பர் எதுவும் இல்லாத வெறும் கறுப்புத் திரையாக நிறுவினால் டெபியன் என்ற லினக்ஸ் 512 எம்பி ரேமிலேயே ஓடிவிடும். லைசென்ஸுக்குக் காசும் கிடையாது.

பகலில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. சாயங்காலம் சில பேருக்குச் சொல்லித் தருகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நானே கெடுத்துக் கொடுப்பேன். அவர்கள் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான் வகுப்பு.

எனக்குப் பிடித்த கோளாறு ஒன்று உண்டு. டிஸ்க்கை நிரப்பிவிடுவேன். டிஎஃப் என்ற கட்டளை கொடுத்தால் நூறு சதவீதம் என்று காட்டும். எந்த ஃபோல்டர் இவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று டியூ கொடுத்துப் பார்ப்பார்கள். மொத்தத்தையும் கூட்டினால் பாதிகூட வராது. "அக்கா, எங்க தேடியும் பெரிய ஃபைலே இல்லக்கா, டிஸ்க்கே போயிடுச்சு போல" என்பார்கள். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. பெயர் ஃபோல்டரில் இருக்கும் ஒரு பதிவு மட்டுமே. உள்ளே இருக்கும் விஷயம் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கை ஐநோட் என்று தனியாக வைத்திருப்பார்கள். ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அதை அழித்தால், பெயர்தான் போகும். அந்த புரோகிராம் கையை விடுகிற வரைக்கும் இடம் திரும்பி வராது. பெயர் இல்லாததால் டியூவின் கண்ணில் அது படாது. டிஎஃப் மட்டும் கணக்கில் வைத்திருக்கும். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியல் போடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை கொடுத்தால், 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்போடு ஆள் மாட்டுவார். அந்த புரோகிராமை நிறுத்தித் திரும்பக் கிளப்பினால் இடமெல்லாம் வந்துவிடும். இடம் போதவில்லை என்று யாராவது வெப் சர்வரின் லாக் ஃபைலை அழித்துவிட்டுப் போன கம்பெனிகளில் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற தொலைபேசி அழைப்பு இதுதான். ஒருமுறை கையால் தேடிப் பிடித்தவருக்கு ஐநோட் என்றால் என்ன என்று பிறகு விளக்க வேண்டியிருக்காது.

கெடுத்துக் கற்றுக்கொள்வது லினக்ஸ் பிறந்த வீட்டிலேயே இருந்த பழக்கம். 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கணினியை நோண்டிக்கொண்டிருந்தபோது உருவானதுதான் இது. மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பி, அதுவரை பயன்படுத்திவந்த மினிக்ஸ் இயங்குதளத்தைக் காலி செய்தார். அதைத் திரும்ப நிறுவாமல் தன் லினக்ஸிலேயே முழுதாக இறங்கிவிட்டார்.

மாணவர்களிடம் எனக்குப் பிடிக்காதது 777 என்ற ஃபைல் அனுமதி. பார்க்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று பேருக்கும் 7 கொடுத்தால் பூட்டே இல்லாத வீடு. 'அனுமதி இல்லை' என்று திரையில் வந்த மறு நிமிஷம் 777 போட்டுவிட்டு, "வேலை செய்யுதுக்கா!" என்பார்கள். பெரும்பாலும் ஃபைலின் உரிமையாளரை மாற்றியிருந்தாலே போதும். இன்டர்நெட்டில் யாரோ எழுதியதை அப்படியே ஒட்டுவதால் வரும் வியாதி இது.

ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் சரியான விடையை டிக் அடிக்கிற வேலையெல்லாம் இல்லை. நிஜ மெஷினைக் கொடுத்து, இதை இதைச் செய் என்பார்கள். 300-க்கு 210 வாங்கினால் தேர்ச்சி. செய்ததெல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். நிற்காததற்கு மதிப்பெண் கிடையாது. தேர்வுக்குப் போகிறார்களோ இல்லையோ, இந்த ஒரு விதியை நான் எல்லோருக்கும் வைத்திருக்கிறேன். வெப் சர்வரை ஓடவைத்துப் பக்கம் தெரிகிறது என்று சிரிப்பார்கள். நான் மெஷினை ரீபூட் செய்வேன். பக்கம் வராது. சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ஸ்டார்ட் என்றால் இப்போதைக்குக் கிளப்பு, எனேபிள் என்றால் மெஷின் எழும்போதெல்லாம் கிளப்பு. இரண்டும் வேறு வேறு. எனேபிளோடு நவ் என்று சேர்த்துக் கொடுத்தால் ஒரே வரியில் இரண்டும் முடிந்துவிடும். அதை மட்டும் முதல் வாரத்தில் யாருக்கும் சொல்வதில்லை.