பேரில்லாத கைத்துப்பாக்கி

பெங்களூரு சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் விற்பவரிடம் துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்று கிடைத்தால், விலைக்கு முன்னால் கதைதான் வரும்: "திப்பு காலத்துது சார்." சரி, டீயைக் குடித்துக்கொண்டே அதைப் பார்ப்போம்.

செய்தவர் பேரைத் தேட வேண்டாம். பூட்டில் தொடங்குங்கள். சுத்தியின் முனையில் சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இருந்தால், திப்பு காலத்தது என்பதற்கு இடமுண்டு. செம்புக் கேப்பு மாட்டும் குமிழ் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் கேப்பு 1820-களில்தான் பரவியது. திப்பு 1799 மே 4-ஆம் தேதியே மடிந்தார். ஆனால் கல் பூட்டைக் கேப்புப் பூட்டாக மாற்றுவது அப்போது சகஜம். மருந்துத் தட்டு இருந்த இடத்தில் அடைத்த திருகுத் துளைகள் தெரிகிறதா பாருங்கள்.

திப்புவின் பட்டறைத் துப்பாக்கிகளில் புலி வரி, புலித் தலை, பாரசீக எழுத்து எல்லாம் உண்டு. ஆனால் அவற்றை இன்றைக்கும் யாராலும் வெட்ட முடியும். தேதி அப்படியல்ல, அதில்தான் போலி சிக்கும். அவர் வழங்கியது மௌலூதி ஆண்டு. அதில் 1224 என்பது ஏறக்குறைய 1796. ஹிஜ்ரி என்று எண்ணிப் படித்தால் 1809 ஆகிவிடும், திப்பு போய்ப் பத்து வருடம் கழித்து!

அடுத்தது குழல். லண்டனிலும் பர்மிங்காமிலும் மருந்தைக் கூடுதலாகத் திணித்து வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலில் முத்திரை குத்துவார்கள். பர்மிங்காம் சோதனைச்சாலை வந்தது 1813-இல். பெல்ஜியத்தின் லியேஜ் நகரமென்றால் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகள். முத்திரை சில சமயம் கட்டைக்குள் மறைந்திருக்கும். அதனால் 'முத்திரையே இல்லை' என்று சொல்லுமுன் பழகிய கையால் குழலைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனிச் சரக்கென்றால் பூட்டுத் தகட்டில் இதய வடிவ முத்திரை, பிற்பாடு பின்னங்காலில் நிற்கும் சிங்கம். சிவாஜிநகர் இருப்பதோ கம்பெனிப் படைக்காக 1809-இல் தொடங்கிய கண்டோன்மென்டில். திப்புவைவிடக் கம்பெனிச் சிப்பாய்க்குத்தான் என் ஓட்டு.

கட்டைக்குள்ளேயும் முத்திரை ஒன்றுமில்லை, திருகுகள் ஒன்றுக்கொன்று மாறாது, புரிகள் கோணல், அரத்தின் தழும்பு அப்படியே இருக்கிறது என்றால் உள்ளூர்க் கொல்லர் கைவேலையாக இருக்கலாம். அதை மட்டமாக எண்ண வேண்டாம்.

துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், தடயமும் சேர்ந்து போய்விடும். பழுதுபார்த்தால் சுடும் என்ற நிலையில் இருந்தால், 1959 ஆயுதச் சட்டம் பழம்பொருளுக்குத் தரும் விலக்கு அதற்குக் கிடைக்காது. வாங்குமுன் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.