ஊரிலிருந்து வந்ததும் வண்டியை உதைக்காதீர்கள்!

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஊருக்குப் போனால் சட்டென்று திரும்பிவிடுவதில்லை. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் கோவில் கொடை, கல்யாணம், பத்திரப் பதிவு என்று இரண்டு மாதம் தங்கிவிடுகிறார்கள். தாய் தகப்பனுக்கு உடம்பு சரியில்லை என்று போகிறவர்கள் ஆறு மாதம் கழித்து வருவதும் உண்டு. அதுவரை அவர்களுடைய ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் சந்துகளில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ந் தேதி ஊரடங்கு தொடங்கியபோது இது பெரிய அளவில் நடந்தது. ஊருக்குப் போனவர்கள் பல மாதங்கள் திரும்பவில்லை. திரும்பி வந்தவர்களில் பலர் முதல் வேலையாகத் தார்ப்பாயை உருவி, தூசியைத் தட்டி, வண்டியை உதைத்தார்கள். வண்டி கிளம்பவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே கதைதான்.

பேட்டரி இறங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பலருக்குத் தோன்றாத இன்னொரு காரணம், டேங்கில் கிடக்கும் பெட்ரோல். பெட்ரோலும் கெட்டுப்போகும் பொருள்தான்.

எப்படிக் கெடுகிறது?

பெட்ரோல் ஒரே திரவம் அல்ல. லேசானதும் கனமானதுமாகப் பல எண்ணெய்களின் கலவை அது. இவற்றில் லேசானவைதான் சீக்கிரம் ஆவியாகி, குளிர்ந்து கிடக்கும் இன்ஜினிலும் உடனே தீப்பிடிக்க உதவுகின்றன. வண்டி வெயிலில் நிற்கும்போது முதலில் பறந்துபோவதும் இவைதான். கனமானவை மட்டும் தங்கிவிடுகின்றன. டேங்க் பாதி நிறைந்திருப்பதுபோல் தெரியும்; ஆனால் இன்ஜின் கிளம்பத் தேவையான சத்து போயிருக்கும்.

இரண்டாவது கேடு, டேங்குக்குள் இருக்கும் காற்றால் வருவது. காற்றிலுள்ள பிராணவாயு பெட்ரோலுடன் மெல்ல மெல்லச் சேர்ந்து பிசினை உண்டாக்குகிறது. இந்தப் பிசின் கார்புரேட்டரில் உள்ள ஜெட் எனப்படும் ஊசித் துவாரங்களை அடைத்துவிடும். வண்டி சும்மா நிற்கும்போது ஓடுவதற்குப் பெட்ரோல் கொடுக்கும் சிறிய ஜெட்தான் முதலில் அடைபடுகிறது. அதனால்தான் சில வண்டிகள் கிளம்பினாலும், ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் அணைந்துபோகின்றன.

ஈரத்தை இழுக்கும் எத்தனால்

மூன்றாவது கேடு சமீப காலத்தில் அதிகமாகியிருக்கிறது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு சில மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீதம் எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். 2022 ஜூன் மாதம் இது நாடு தழுவ 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரி 6ந் தேதி 20 சதவீதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் என்பது கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் சாராய வகை. அதனால் வெளிநாட்டு எண்ணெய்க்குச் செலவாகும் பணம் மிச்சமாகிறது. கரும்பு விவசாயிக்கும் நன்மை உண்டு.

தினமும் ஓடும் வண்டிக்கு ஈரத்தால் தொல்லை வருவது அபூர்வம். பெட்ரோல் உள்ளே போவதும் தீர்வதுமாக இருக்கும். நிற்கும் வண்டிக்குத்தான் சங்கடம். சாதாரண பெட்ரோல் தண்ணீருடன் சேராது. எத்தனால் சேரும், காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் கலவை பிரிந்துவிடுகிறது. தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகச் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் மேலே மிதக்கும். இன்ஜினுக்குப் போகும் குழாய் இருப்பது டேங்கின் அடிப்பகுதியில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வண்டியை உதைத்தால் முதலில் உள்ளே போவது இந்தத் தண்ணீர்க் கலவைதான்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரம் மெதுவாகத்தான் சேரும். ஆனால் ரப்பர் வளையம் வெடித்துப்போன டேங்க் மூடி வழியாக மழைத் தண்ணீர் ஒரே இரவில் இறங்கிவிடும். இரும்பு டேங்காக இருந்தால் உட்புறம் துருவும் பிடிக்கும்.

எத்தனை நாள் தாங்கும்?

வண்டி டேங்கில் ஒரு மாதம் வரை கிடந்த பெட்ரோலுக்குப் பயமில்லை. நம் ஊர் வெயிலில் மூன்று மாதம் என்பது எல்லைக்கோடு. ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் அதைக் கெட்டுப்போனது என்று வைத்துக்கொண்டு காரியத்தைத் தொடங்குவதே நல்லது.

பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி?

வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், வெட்ட வெளியில் நிறுத்தி மூடியைத் திறக்க வேண்டும். நல்ல பெட்ரோலின் வாசனை எல்லோருக்கும் தெரியும். கெட்ட பெட்ரோலில் அந்தக் காட்டம் இருக்காது. புளித்த வாடையோ, பழைய வார்னிஷ் வாடையோ அடிக்கும். டேங்குக்குள் பார்க்க டார்ச் லைட்டைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. தீக்குச்சியும் லைட்டரும் உயிரைக் குடித்துவிடும்.

சிறிய கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, மூடி, கால் மணி நேரம் நிழலில் வைத்துப் பார்க்கலாம். தினமும் ஓடும் வேறொரு வண்டியின் பெட்ரோலுடன் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். டிக்காஷன் மாதிரி கறுத்திருந்தால் பழசு. அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் தண்ணீர். இந்த இரண்டில் எது இருந்தாலும் அந்த வண்டியை உதைக்கக் கூடாது.

நிறமும் வாசனையும் மாறவில்லை, நிறுத்தி மூன்று மாதத்துக்குள்தான் ஆகிறது, டேங்கில் கால்வாசிதான் இருக்கிறது என்றால், பங்கில் புதுப் பெட்ரோலை நிறையப் போட்டுக்கொண்டு ஓட்டலாம். பழையது புதியதில் கரைந்துவிடும். பிரிந்து நின்ற தண்ணீர் மட்டும் இப்படிச் சரியாகாது. அதை இறக்கித்தான் ஆக வேண்டும்.

வாயால் உறிஞ்ச வேண்டாம்

இறக்குவதற்கு நம் ஆட்கள் செய்யும் வழி, ஒரு ரப்பர் குழாயை டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சுவது. இதைப்போல் ஆபத்தானது வேறில்லை. ஒரு மடக்குப் பெட்ரோல் புரையேறி நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும், உயிரும் போகலாம். தவறி யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியின்போதுதான் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்குகிறது. நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கார்புரேட்டர் வண்டியில் டேங்குக்கு அடியில் உள்ள குழாயைக் கழற்றி, பெட்ரோலை மூடியுள்ள தகர டின்னில் இறக்கலாம். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்திலும் ஒரு சிறிய திருகு உண்டு. அதைத் தளர்த்தினால் உள்ளே தங்கியதும் வந்துவிடும். 2020 ஏப்ரல் மாதம் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு தயாரான பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை ஊசிபோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் இருக்கிறது. அதற்கு டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கிறது. அதில் கை வைக்காமல் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. அந்த பம்ப் கெட்டால் செலவு ஆயிரக்கணக்கில் போய்விடும். மும்பையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது 2021 மே மாதக் கடைசியில். டேங்கில் கிடக்கும் இரண்டு மூன்று லிட்டருக்கு ஆசைப்பட்டுப் பல ஆயிரத்தை இழப்பது புத்திசாலித்தனம் அல்ல. பிளம்பருக்கும், எலெக்ட்ரீசியனுக்கும், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கும் பையனுக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் கூலி போகிற நாள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சந்தில் வேண்டாம்

பெட்ரோல் பழசானாலும் தீப்பிடிக்கும் குணம் போவதில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, வாசற்படி வழியாகப் பக்கத்து வீட்டு அடுப்பு வரைக்கும் போகக்கூடியது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் சந்துகளிலும், சால்களின் படிக்கட்டுக்கு அடியிலும் பெட்ரோல் இறக்குவது ஊரையே கொளுத்தும் காரியம். அடுப்போ பீடியோ இல்லாத திறந்த இடத்தில், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும்.

இறக்கிய பெட்ரோலை வீணாக்க மனம் வராமல் மண்ணெண்ணெயுடன் கலந்து ஸ்டவ்வில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்துக்கு மேல்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் ஆவி விடும். இரண்டையும் கலந்தால் அது ஸ்டவ் அல்ல, வெடிகுண்டு.

சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. 1992 ஏப்ரல் 22ந் தேதி மெக்ஸிகோ நாட்டின் குவாதலஹாரா நகரில், குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் பாதாளச் சாக்கடையில் இறங்கி வெடித்ததில் தெருக்கள் பிளந்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாம் ஊற்றுவது இரண்டு லிட்டர்தான் என்றாலும், ஆவி மூடிய சாக்கடைக்குள் எங்கே தேங்கும், எவர் வீட்டு வாசலில் பற்றும் என்று சொல்ல முடியாது. வண்டியைச் சரிசெய்யும் ஒர்க்‌ஷாப்பிலேயே கேட்டு ஒப்படைத்துவிடலாம். பழைய எண்ணெயைச் சேர்த்து வைத்து அனுப்பும் ஏற்பாடு பெரிய சர்வீஸ் சென்டர்களில் உண்டு. எந்தக் காரணத்தைக் கொண்டும் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவது குழந்தைகள்தான்.

பெட்ரோலை இறக்கிய பிறகு டேங்கில் துரு இருக்கிறதா என்று பார்த்து, பில்டரை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளக்கைத் துடைத்து மாட்ட வேண்டும். பேட்டரியையும் டயர் காற்றையும் அதோடு பார்த்துவிடலாம். அதன் பிறகுதான் புதுப் பெட்ரோல்.

போகும்போது செய்ய வேண்டியது

இவ்வளவு தொல்லையும் ஊருக்குக் கிளம்பும் அன்று அரை மணி நேரம் ஒதுக்கினால் இல்லாமல் போகும்.

ஒரு மாதத்துக்குள் திரும்புகிறவர்கள் டேங்கை ஏறக்குறைய நிரப்பி, மூடியை இறுக்கி, நிழலில் நிறுத்தினால் போதும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு. ஈரமும் துருவும் குறையும். இரண்டு மூன்று மாதம் என்றால் இதோடு, கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். கிண்ணத்தில் பெட்ரோல் தங்காது, பிசினும் சேராது. இன்ஜெக்டர் வண்டியில் இப்படிச் செய்யக் கூடாது. டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து கடைகளில் கிடைக்கிறது. அதைப் புதுப் பெட்ரோலில் விட்டால்தான் பலன். கெட்டதை நல்லதாக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லி டேங்கைக் காலி செய்து, உள்ளே துருப் பிடிக்காமல் எண்ணெய் பூசச் சொல்வது உத்தமம்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. லைசென்ஸ் உள்ள, நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை கால் மணி நேரமாவது ஓட்டச் சொல்வது. நிறுத்திய இடத்திலேயே இரண்டு நிமிடம் உறும விட்டு அணைப்பதால் பயனில்லை. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ரயிலில் அனுப்புகிறவர்களுக்கு

வண்டியை ஊருக்கே பார்சலில் அனுப்புகிறவர்கள் டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இல்லாமல் காலி செய்துவிட்டுத்தான் பார்சல் ஆபீஸுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் இறக்க முயல்வது ஆபத்து. இறக்கியதை கேனில் பிடித்துப் பெட்டியில் ஸீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போவது அதைவிட ஆபத்து. தீப்பிடிக்கும் பொருளை ரயிலில் கொண்டு போவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டம் இருக்கட்டும். அந்தப் பெட்டியில் நம்மோடு வருவது நம் குடும்பமும் நம் ஊர்க்காரர்களும்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டு லிட்டர் புதுப் பெட்ரோல் போட்டுக்கொள்ள ஆகும் செலவு அதிகமில்லை.