டோவர்த் துறையில் ஓரிரவு

பிரயாணத்திலே மிக நீண்ட இரவு எதுவெனக் கேட்டால், கப்பலேறுவதற்கு முந்திய இரவு என்றே சொல்வேன். புறப்பட்ட வீடு பின்னே போய்விட்டது. சேரவேண்டிய வீடு கடலுக்கு அப்பால் இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, முன்பின் அறியாத ஊரில், ஒரு கட்டிலும் ஒரு விளக்கும் தருகின்ற இடமே துறைமுக விடுதி. அத்தகைய விடுதியொன்றில் ஓரிரவு தங்க எமக்கு நேர்ந்தது. அவ்விரவின் கதையையும், அதன் பின்னர் விடுதிகளைப் பற்றி நான் தேடி அறிந்த சில செய்திகளையும் வாசகருக்குக் கூற விரும்புகின்றேன்.

காற்று மறித்த பயணம்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியில், வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறைகளின் அடிவாரத்தில் உள்ளது டோவர் நகரம். அக்கரையில் பிரான்சு தேசம். கடல் மிக ஒடுங்கிய இடத்தில் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 33 கிலோமீற்றரே. லொறிகளையும் கார்களையும் வயிற்றில் ஏற்றிக்கொண்டு, கலே துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரத்திற் சென்றுவிடும் பெருங் கப்பல்கள் இங்கிருந்து புறப்படுகின்றன. 1994ஆம் ஆண்டிற் கடலடிச் சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பின்னரும் இக்கப்பல்கள் ஓய்ந்துவிடவில்லை. இலண்டனிலும் பாரிஸிலுமாகப் பிரிந்து வாழும் எம்மவர் குடும்பங்கள், கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் இவ்வழியாலும் போய் வருகின்றன.

நாங்களும் அத்தகைய காரியமாகவே புறப்பட்டோம். எங்கள் பெரியம்மா பாரிஸில் காலமாகிவிட்டார். அவருடைய ஒரே தங்கையான எங்கள் அம்மா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இலண்டனில் என் தம்பியின் வீட்டில் இருந்தார். பிரான்சுக்குச் செல்வதற்கான விசா உரிய காலத்திற் கிடைக்கவில்லை. தமக்கையின் முகத்தைக் கடைசியாகக் காணும் பேறு அம்மாவுக்கு இல்லாமற் போயிற்று. விசா கைக்கு வந்தபோது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இரண்டு தினங்களே இருந்தன.

அம்மா, தம்பி, தம்பியின் மனைவி, பிள்ளைகள் இருவர், நான் என ஆறுபேர் காரில் டோவரை அடைந்தபோது, கடற்காற்று சீறிக்கொண்டிருந்தது. அன்றிரவுக் கப்பல்கள் ஓடமாட்டா என்றும், காற்றுத் தணிந்தால் அதிகாலையில் முதற் கப்பல் போகும் என்றும் துறைமுகத்தார் அறிவித்தனர். மறுநாள் நண்பகலுக்குள் நாம் பாரிஸில் இருக்கவேண்டும். அம்மா ஒன்றும் பேசவில்லை. மடியில் வைத்திருந்த கைப்பையை இறுகப் பற்றிக்கொண்டார். அதனுள்ளே அவருடைய கடவுச்சீட்டு இருந்தது.

எங்கும் ஒரே அறை

துறைமுகத்துக்கு அண்மையில் நாங்கள் புகுந்தது, பல ஊர்களிலும் ஒரே பெயருடன் கிளைகள் வைத்திருக்கும் நடுத்தர விடுதி ஒன்று. ஆடம்பரமும் இல்லை, அழுக்கும் இல்லை. வாயிலில் ஓர் இயந்திரம் நின்றது. அதில் பெயரைப் பதிந்ததும், திறப்புக்குப் பதிலாக ஓர் அட்டையை நீட்டியது. அம்மா திகைத்துப்போனார்.

“எங்கள் ஊர் வாடிவீட்டிலே என்றால், ஓர் ஆள் வந்து ‘வாருங்கள்’ என்று சொல்லுவான். இரவுக்கு என்ன சாப்பாடு என்று கேட்பான். இங்கே வா என்று சொல்ல ஒருவரும் இல்லையே, தம்பி!” என்றார்.

அறையிலே வெள்ளைவிரிப்பிட்ட கட்டில்கள், ஒரு மேசை, ஒரு கேத்தல், இரண்டு கோப்பைகள், தேயிலைப் பைகள். முன்னர் வேறோர் ஊரில் இதே விடுதியின் கிளையில் நான் தங்கியதுண்டு. யன்னலும் விளக்கின் ஆளியும் அங்கிருந்த இடத்திலேயே இங்கும் இருந்தன. இருட்டிலும் தடவி விளக்கை ஏற்றலாம்! இந்த ஒற்றுமையைச் சிலர் பரிகசிப்பர். ஆனால் இதற்கு ஒரு வரலாறு உண்டு.

துறையில் இருந்த பழைய இல்லங்கள்

டோவரில் வழிப்போக்கருக்கு இடமளித்த இல்லங்களுள் மிகப் பழையதொன்று, 1203ஆம் ஆண்டில் ஹியூபர்ட் டி பேர்க் என்னும் பிரபு நிறுவிய ‘மேசோன் டியூ’. ‘கடவுளின் இல்லம்’ என்பது அப்பெயரின் பொருள். கன்ரபெரியில் உள்ள தோமஸ் பெக்கற்றின் சமாதியைத் தரிசிக்கக் கடல் கடந்து வந்த யாத்திரிகர்கள் அங்கே தங்கினர். நம் நாட்டுத் தலங்களின் மடங்களை ஒத்தது அது. எட்டாம் ஹென்றி மன்னனின் காலத்தில், 1544இல், அதன் தருமம் முடிவுற்றது. கட்டிடம் மட்டும் இன்றும் நிற்கின்றது.

பின்னர் நீராவிக் கப்பலும் புகையிரதமும் வந்தன. 1844இல் டோவருக்குப் புகையிரதப் பாதை எட்டியது. 1853இல் ‘லோட் வோர்டன்’ என்னும் பெரிய ஹோட்டல் துறைமுகத்தருகே திறக்கப்பட்டது. நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கென்ஸ் போன்றோர் அங்கே தங்கினர். செல்வருக்கான இடம் அது. இன்று அது ஹோட்டலாக இல்லை.

ஏழை யாத்திரிகனுக்கு மடம் இருந்தது. செல்வனுக்கு மாளிகை இருந்தது. பிள்ளை குட்டிகளோடு செல்லும் நடுத்தரக் குடும்பத்துக்கு என்ன இருந்தது? இக்கேள்வியை எழுப்பியவர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து வணிகர் கெமன்ஸ் வில்சன். 1951இல் அவர் தம் மனைவியுடனும் ஐந்து பிள்ளைகளுடனும் வாஷிங்டனுக்குக் காரிற் சென்றார். வழியிலிருந்த விடுதிகள் ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு இரண்டு டொலர் வீதம் மேலதிகமாகக் கேட்டன. சினங்கொண்டு வீடு திரும்பியவர், மறு ஆண்டிலேயே மெம்பிஸில் ‘ஹொலிடே இன்’ என்னும் விடுதியைத் திறந்தார். பெற்றோருடன் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்பது அவருடைய விதி. எந்த ஊர்க் கிளைக்குச் சென்றாலும் ஒரே தரம் இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. 1968இல் அவ்விடுதிகளின் தொகை ஆயிரத்தை எட்டியது. ஏனைய நாட்டவரும் இம்முறையைப் பின்பற்றினர். எங்கள் பிள்ளைகள் இருவரும் அன்றிரவு மேலதிகக் கட்டணமின்றி உறங்கினார்கள் என்றால், அதற்கு மூலகாரணம் அந்த ஐந்து பிள்ளைகளின் தகப்பனே.

யன்னலுக்கு வெளியே கடல்

பிள்ளைகள் உறங்கினர், அம்மா உறங்கவில்லை. யன்னலருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, துறைமுக விளக்குகளுக்கு அப்பாலிருந்த இருளையே நோக்கிக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஆனந்தன் போன கடல் இதுதானே?” என்று திடீரெனக் கேட்டார்.

எனக்கு உடல் சிலிர்த்தது. ஆம், அதே கடல்தான். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து மீண்டும் நீந்தித் திரும்பிய வல்வெட்டித்துறை வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன், 1984 ஆகஸ்டில் இந்த ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோதே உயிர் துறந்தார்.

“அக்கா அப்போது ஊரில்தான் இருந்தா. செய்தி கேட்டு இரண்டுபேரும் அழுதோம். அடுத்த வருஷம் அவ வெளிக்கிட்டுவிட்டா. பிறகு நான் அவவைக் காணவேயில்லை” என்றார் அம்மா. அவருடைய குரல் தளர்ந்தது.

சற்று நேரத்தின் பின் வெந்நீர்ப் போத்தலை நிரப்பக் கீழே சென்றேன். இராக்காவலுக்கு மேசையில் ஓர் இளைஞர் இருந்தார். அவரும் வேறொரு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர் என்பது பேச்சிலே தெரிந்தது. அதிகாலையிற் போகவேண்டியதன் காரணத்தைக் கேட்டார்; சொன்னேன். “காலை உணவு ஆறரைக்குத்தான் தொடங்கும். உங்கள் தாயார் என்ன உண்பார்?” என்று வினவினார். மரக்கறி மட்டுமே என்றேன்.

அதிகாலை மூன்றரைக்கு எங்கள் கதவு மெல்லத் தட்டப்பட்டது. காற்றுத் தணிந்துவிட்டது, கப்பல் போகிறது என்று சொல்ல அவரே ஏறி வந்திருந்தார். கையில் ஒரு காகிதப் பை. உள்ளே பாணும் வாழைப்பழங்களும் இருந்தன. காசு கொடுக்க முனைந்தபோது மறுத்துவிட்டார்.

பிரான்சு நாட்டு அதிகாரிகள் டோவரிலேயே கடவுச்சீட்டைப் பரிசோதிக்கின்றனர். அம்மாவின் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த அதிகாரி, முடிவில் முத்திரையைக் குத்தினார். அப்பொழுதுதான் அம்மா மூச்சை விட்டார். கலேயில் இறங்கி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, ஏறக்குறைய 300 கிலோமீற்றர் ஓடிப் பாரிஸை அடைந்தபோது, ஐயர் கிரியையைத் தொடங்கவில்லை. தமக்கையின் படத்துக்கு அம்மா தம் கையாலே மலரிட்டார்.

திரும்பும் வழியில், அம்மாவின் வற்புறுத்தலால் அவ்விடுதியில் மீண்டும் இறங்கினோம். அதே இயந்திரம், அதே விரிப்பு. மேசையில் மட்டும் வேறொரு பெண் இருந்தாள். அந்த இளைஞர் இரவில்தான் வருவாராம். அம்மா ஒரு கடதாசி வாங்கி, நன்றி கூறி நான்கு வரிகள் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

“அம்மா, அவருக்குத் தமிழ் தெரியாதே!” என்றேன்.

“கப்பல் வருகிற ஊர்தானே, தம்பி. ஆரேனும் எங்கடை ஆள் வந்து தங்கும்போது வாசிப்பித்துக்கொள்ளுவான்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார் அம்மா.