வீட்டுக் காவலுக்கு ஏற்ற துப்பாக்கி

ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தோட்டங்களில் குடியிருப்போர் சிலர், கள்வர் பயத்தினால் துப்பாக்கியொன்று வாங்கிவைக்க விரும்புகின்றனர். வெகுதூரம் சுடவல்லதே சிறந்தது என்பது பலருடைய அபிப்பிராயம். அது தவறு. வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கியைத் தெரிந்தெடுப்பவர் கள்வனை மட்டும் நினைத்தால் போதாது. சுவருக்கு அப்பால் உறங்குபவரையும் நினைக்கவேண்டும்.

ரைபிளின் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் உயிரை வாங்கக் கூடியது. கீற்றையும் மரக்கதவையும் துளைத்துச்சென்று அயல்வீட்டாரைக் கொல்லும். ஆதலால் கிராமத்து வீட்டுக்கு அது ஏற்றதன்று. ரிவால்வர் கைக்கு அடக்கமானதுதான். ஆனால், இடைவிடாத பழக்கமில்லாதவர் இருளில் பதற்றத்துடன் சுட்டால் சில அடி தூரத்திலும் குறி தவறும். சிறியதாகையால் குழந்தைகள் கையிலும் எளிதில் அகப்படும்.

எஞ்சியிருப்பது 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று இக்குழலின் அளவாகும்; பெயர்க் காரணம் அதுவே. இதன் சிறு ரவைகள் ரைபிள் குண்டைப்போல் வெகுதூரம் செல்லா. மடித்துத் திறக்கும் ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ ஆனால், உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது ஒரே பார்வையில் விளங்கும். வீட்டுக் காவலுக்கு இதுவே தக்கது.

ரவை பரவுமாகையால் குறிபார்க்க வேண்டியதில்லை என்று நம்பவேண்டாம். பத்தடி தூரத்தில் ரவைகள் உள்ளங்கையகலத்திற்குமேல் பரவுவது அரிது. அவ்வளவு அருகில் மெல்லிய தடுப்பையும் அவை ஊடுருவும்.

பழைய துப்பாக்கியை வாங்குவோர், குழலில் துரு உண்டா, பூட்டு தளர்ந்துள்ளதா என்று லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் சோதித்தறிக. 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்று செய்த துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டாவை இட்டுச் சுடுவது அபாயம். குழல் வெடிக்கவும் கூடும்.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் கைக்கு வந்த பின்னரே துப்பாக்கி வாங்கலாம். ஜில்லாக்களில் மனுவைக் கலெக்டரிடம் கொடுக்கவேண்டும். மனுதாரருக்கு 21 வயது நிறைந்திருத்தல் அவசியம். 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஒருவர் சாதாரணமாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. லைசென்ஸின் காலம் ஐந்து வருஷம்.

லைசென்ஸ் இருப்பது, சுடுவதற்கு அனுமதியன்று. 2024ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்புரிமையை அளிக்கிறது. இரவில் வீட்டை உடைத்துப் புகுவோன் விஷயத்தில் அவ்வுரிமை விரிவானதுங்கூட. எனினும், தற்காப்புக்கு அவசியமானதற்கு மேற்பட்ட தீங்கு செய்ய எவருக்கும் உரிமையில்லை. புறமுதுகிட்டு ஓடுகிறவனைச் சுடுவது காவலாகாது.

இருளில் அசையும் உருவத்தை நோக்கி ஒருபோதும் சுடலாகாது. முதலில் விளக்கைக் காட்டுக, உரக்கக் குரல்கொடுத்து "யார்?" என்று கேட்க. வெளியூரிலிருந்து கடைசி வண்டியில் திரும்பும் மகனும், அவிழ்த்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடிவரும் அண்டைவீட்டாரும் இருளில் கள்வரைப்போலவே தோன்றுவர். சுட்ட ரவை திரும்பி வராது.

தோட்டாவைக் கழற்றித் துப்பாக்கியை ஒரு பெட்டியிலும், தோட்டாக்களை வேறொரு பெட்டியிலும் பூட்டிவைத்துச் சாவியை லைசென்ஸ்தாரரே வைத்திருக்கவேண்டும். பரணிலும் பாய்ச்சுருளிலும் ஒளித்துவைப்பது கூடாது. பெரியவர் ஒளிக்கும் இடங்களைச் சிறுவர் நன்கறிவர். அவசரத்திற்கு உதவும் என்று தோட்டாவுடன் சாத்திவைத்த துப்பாக்கி, கள்வன் வருமுன் வீட்டுக் குழந்தையின் கைக்கு வந்துவிடும்.

இவ்வளவு கவனத்திற்கு இடமில்லாத வீட்டில் உறுதியான தாழ்ப்பாளும், வாசல் விளக்கும், நல்ல நாயும், கூப்பிட்ட குரலுக்கு வரும் அயலாருமே போதிய காவல். ரொக்கத்தையும் நகையையும் வீட்டில் குவித்துவையாமலிருப்பது அதனினும் மேலான காவலாகும்.