நீரைக் காத்த சட்டமும் வயலில் மூண்ட தீயும்

நெல் ஒரு காலத்தில் சிறுபயிராகவே இருந்த பஞ்சாபில், பசுமைப் புரட்சியும் அரசின் உறுதியான கொள்முதலும் அதை முதன்மைப் பயிராக்கின. 1997இல் உழவுக்கான மின்சாரம் இலவசமாக்கப்பட்டபின், ஆழ்துளைக் கிணறுகளின் மோட்டார்கள் ஓய்வின்றி ஓட, நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் கீழிறங்கியது. பருவமழை ஜூன் இறுதியை ஒட்டியே வந்துசேரும் அந்த மாநிலத்தில், மே மாத வெயிலிலேயே நடவு நடந்ததால், இறைத்த நீரில் கணிசமான பகுதி ஆவியாகிப் போனது. இதைத் தடுக்க 2009இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம், மே 10க்கு முன் நாற்றுவிடுவதையும் ஜூன் 10க்கு முன் நடவு செய்வதையும் தடைசெய்து, மீறுவோருக்கு எக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

நோக்கத்தில் குறையில்லாத இச்சட்டம், உழவரின் நாட்காட்டியைக் கணக்கில் கொள்ளவில்லை. நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமையையோ நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைத்தாக வேண்டும். கைக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று வாரங்களில், கதிரறுக்கும் இயந்திரம் விட்டுச்சென்ற அடித்தாளையும் சிதறிய வைக்கோலையும் அகற்றுவதற்கு மலிவான வழி தீ வைப்பதே. தமிழகத்தைப் போல மாட்டுக்குப் போடலாமே என்று தோன்றலாம். ஆனால் பஞ்சாபில் தீவனத்துக்குக் கோதுமைத் தாளையே விரும்புகின்றனர், நெல் வைக்கோலில் மிகுதியாக உள்ள சிலிக்காவும் அதற்கொரு காரணம். நவம்பரில் காற்று அடங்கிக் குளிர்ந்துவிடுவதால், புகை மேலெழாமல் தில்லி வரை தேங்கி நிற்கிறது. நிலத்துக்கு அடியில் தணிக்க முயன்ற சிக்கல், வானில் இன்னொரு வடிவில் முளைத்தது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் வயலில் தீ வைப்பதைத் தடைசெய்ய, கண்காணிக்கும் பொறுப்பு செயற்கைக்கோள்களிடம் சென்றது. தீயின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களால் உணரும் இவை, எரியும் இடத்தின் ஆயத்தொலைவுகளைத் தருகின்றன; அவற்றைக் கொண்டு மாவட்ட அலுவலர்கள் வயலைத் தேடிச் சென்று அபராதம் விதிக்கின்றனர். 2024இல் இத்தொகை இருமடங்காக்கப்பட்டு, 5 ஏக்கருக்கு மேல் உள்ளவருக்கு 30,000 ரூபாயானது. ஆனால் இச்செயற்கைக்கோள்களில் முக்கியமானவை பகல் 1.30 மணி அளவில் பஞ்சாபைக் கடப்பவை. அண்மை ஆண்டுகளில் தீ வைப்பு பிற்பகலின் பின்பகுதிக்கு நகர்ந்திருப்பதை, ஒரே இடத்தை இடைவிடாமல் நோக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் பதிவுகள் காட்டுகின்றன. தண்டிப்பதற்கு மட்டுமே பயன்படும் கருவி, தன்னிடமிருந்து தப்பும் வழியையே கற்றுக்கொடுக்கும்.

கற்றுக்கொடுக்கத் தகுந்தவை வேறு உள்ளன. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய டென்சியோமீட்டர், நுனியில் நுண்துளைப் பீங்கான் கிண்ணம் பொருத்திய, நீர் நிரப்பிய குழாய். அதை வயலில் ஊன்றினால், மண் காயக் காயக் கிண்ணத்தின் வழியே நீர் உறிஞ்சப்பட்டு, குழாயின் நீர்மட்டம் பச்சைப் பட்டையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கும். அப்போது பாய்ச்சினால் போதும். வயலில் எந்நேரமும் நீர் நிற்க வேண்டியதில்லை. மின்சாரமோ செல்பேசியோ தேவைப்படாத இந்த எளிய குழாய், வேர் இருக்கும் மண்ணின் ஈரத்தை உழவரின் கண்ணுக்கு நேராகவே காட்டிவிடுகிறது. ஹேப்பி சீடர் என்னும் விதைப்புக் கருவியோ, தீ வைக்கத் தேவையின்றி, அடித்தாளை வெட்டி ஒதுக்கிக் கோதுமையை விதைத்து, அதே தாளை மூடாக்காகப் பரப்பிவிடும். ஆனால் ஆண்டில் சில வாரங்களே ஓடும் அதையும், இழுக்கும் வலுவான டிராக்டரையும் வாங்கச் சிறு உழவரால் இயலாது.

நீர் விஷயத்தில் பஞ்சாப் வேறொரு வழியையும் சோதித்தது. 2018இல் தொடங்கிய திட்டத்தில், பம்புசெட்டுக்கு மீட்டர் பொருத்தி, ஒதுக்கிய அளவில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் உழவரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. இங்கே மின்னணுக் கருவி உழவரின் சிக்கனத்துக்குச் சாட்சியானது. நாட்காட்டி நெருக்கடிக்கும் விடை இருக்கிறது: விதைத்ததிலிருந்து விளையச் சுமார் 160 நாள் எடுக்கும் பூசா 44 ரகத்துக்கு மாற்றாக, பி.ஆர். 126 ரகம் சுமார் 123 நாளில் விளைந்துவிடுகிறது. ஐந்து வாரம் மிச்சமானால் தாளை மக்கவைக்கவும் அவகாசம் கிடைக்கும். ஆயினும் நீண்டகால ரகத்தின் கூடுதல் மகசூலை விட்டுக்கொடுப்பவரின் இழப்பைக் கொள்முதல் விலையில் ஈடுசெய்யாதவரை, அந்த ஐந்து வாரத்தின் விலையை உழவரே சுமக்க வேண்டியிருக்கும்.